அத்தை சொல்லாமல் விட்டது: அன்னபெல்லா மில்பேங்க் திருமணம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1812 மார்ச் 25 அன்று, லண்டன் வைட்ஹாலில் இருந்த மெல்போர்ன் மாளிகையில் ஒரு பகல் விருந்து நடந்தது. அப்போது இங்கிலாந்துக்குப் புதிதாக இருந்த வால்ட்ஸ் நடனத்துக்காக, மாளிகையின் மருமகள் கரோலின் லாம் கூட்டிய விருந்து அது. வந்தவர்களில் பலருடைய கண் நடனத்தில் இல்லை. 24 வயதுக் கவிஞர் பைரன் பிரபுவின் மேல்தான் இருந்தது. அவருடைய பயணக் காவியம் வெளிவந்து இரண்டு வாரம் போலத்தான் ஆகியிருந்தது. அதற்குள் லண்டனின் பெரிய வீடுகள் அத்தனையும் அவரை அழைக்கப் போட்டி போட்டன. பிறவியிலேயே கால் ஊனம் என்பதால் பைரன் ஆடமாட்டார்.

அதே கூடத்தில் 19 வயது அன்னபெல்லா மில்பேங்கும் இருந்தார். பைரனோடு பேச வேண்டும் என்று நினைத்திருந்தால் யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவருடைய அத்தை வீடு. ஆனால் அவர் கேட்கவில்லை. பெண்கள் எல்லோரும் அசட்டுத்தனமாக அந்த மனிதரைச் சுற்றிவருகிறார்கள், அதனால் நான் அறிமுகத்தை நாடவில்லை என்று பிறகு எழுதிவைத்தார்.

இவ்வளவு எச்சரிக்கையான பெண்தான் 1815 ஜனவரி 2 அன்று அதே பைரனை மணந்தார். 1816 ஜனவரி 15 அன்று, பிறந்து ஐந்து வாரமே ஆன மகளைத் தூக்கிக்கொண்டு கணவர் வீட்டை விட்டு வெளியேறினார். திருமண வாழ்க்கை ஓராண்டும் பதின்மூன்று நாட்களும் நீடித்தது.

ரீஜென்சி காலம் என்று சொல்லப்படும் 1811–1820 ஆண்டுகளின் ஆங்கில மேல்தட்டு வாழ்க்கையை எழுதுகிறவர்கள், மணமாகாத பெண்களை ஆண்களுக்கு அறிமுகப்படுத்தும் விதிகளை அழகான சடங்குகளாகக் காட்டுவது வழக்கம். விசிறி, இறகு வைத்த கொண்டை, தலைவணக்கம் என்று அது முடிந்துவிடும். அந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு கடுமையான நோக்கம் இருந்தது. அது எங்கே வேலை செய்தது, எங்கே கைவிட்டது என்பதை இந்த ஒரு திருமணம் காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. காரணம், இதில் விதி எதுவும் ஒளிவுமறைவாக மீறப்படவில்லை. பெற்றோருக்குத் தெரியாமல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் பெண்ணின் வாழ்க்கை கெட்டது.

விதி என்ன கேட்டது

முறையான அறிமுகம் இல்லாமல் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது அடிப்படை. அறிமுகம் செய்பவர் இருவரையும் அறிந்தவராக இருக்க வேண்டும். ஆணைத்தான் பெண்ணிடம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் பிரபுவாகவே இருந்தாலும் பெண்ணை அவரிடம் கொண்டுபோக மாட்டார்கள். அதற்கு முன் பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது மரியாதை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கரோலின் லாமே ஒரு விருந்தில் பைரனை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, அறிமுகம் நடக்கும் முன்பே திரும்பிப் போய்விட்டார். சில நாள் கழித்து ஹாலண்ட் மாளிகையில்தான் இருவரும் பேசினார்கள்.

ஊருக்குப் புதிதாக ஓர் ஆண் வந்தால், அந்த வீட்டுக்கு முதலில் போய்வர வேண்டியவர் பெண்ணின் தகப்பனார். அவர் போகாதவரை வீட்டுப் பெண்களுக்கு அந்த மனிதர் இல்லாதவர் மாதிரி. பாத் போன்ற ஊர்களின் பொது நடனக் கூடங்களில் இந்த வேலையைச் செய்வதற்கென்றே நெறியாளர் ஒருவர் இருந்தார். துணை இல்லாத பெண்ணுக்குத் தகுதியான ஆளைப் பார்த்து நிறுத்துவார். அந்த அறிமுகம் அன்றைய ஆட்டத்தோடு சரி. மறுநாள் தெருவில் பார்த்தால் பெண் முதலில் தலையசைத்தால்தான் ஆண் தொப்பியைத் தொடலாம்.

லண்டனில் சல்லடை இன்னும் நெருக்கமானது. அரசவையில் ராணியின் முன் மண்டியிட்டு எழுந்தால்தான் பெரிய குடும்பத்துப் பெண் சமூகத்தில் நுழைந்ததாகக் கணக்கு. அதற்கும் மேலே, கிங் தெருவில் இருந்த ஆல்மாக்ஸ் கூடத்தின் புதன்கிழமை நடனம். சில சீமாட்டிகள் சேர்ந்து யாருக்கு அனுமதிச் சீட்டு என்று முடிவு செய்வார்கள். பணத்தால் மட்டும் அதை வாங்க முடியாது. இரவு 11 மணிக்குக் கதவு சாத்தினால் எந்தப் பிரபுவுக்கும் திறக்காது. உள்ளே கிடைப்பது தேநீரும், லெமனேடும், வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டும்தான். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வோர் ஆணும் ஏற்கெனவே யாரோ ஒருவரால் சோதிக்கப்பட்டவர் என்று தாய்மார்கள் நம்பலாம். அந்த நம்பிக்கைக்குத்தான் அத்தனை அலைச்சலும்.

இந்த ஏற்பாட்டின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. அறிமுகம் செய்பவர் பிணை நிற்கிறார். 'இவரை நான் அறிவேன், உங்கள் மகளோடு பேச இவர் தகுதியானவர்' என்பதே அந்தத் தலைவணக்கத்தின் பொருள். திருமணமான பெண்ணின் சொத்தும் சம்பாத்தியமும் கணவரின் கைக்குப் போய்விடும், குழந்தைகள் தகப்பனுக்கே உரியவர்கள், முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் வேண்டும் என்றிருந்த காலம் அது. ஒரு முறை தவறினால் மீள வழியில்லை. அதனால் வாசலிலேயே காவல் வைத்தார்கள். அந்தக் காவலை நான் ஏளனம் செய்ய மாட்டேன். மகளைப் பெற்றவர்களுக்குச் சட்டம் கொடுக்காத பாதுகாப்பை அவர்கள் பழக்கத்தால் உண்டாக்கிக்கொண்டார்கள்.

பெண்ணும் குடும்பமும்

அன்னபெல்லா 1792 மே 17 அன்று பிறந்தார். சர் ரால்ஃப் மில்பேங்குக்கும் ஜூடித்துக்கும் மணமாகிப் பதினைந்து ஆண்டு கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. டர்ஹம் மாவட்டத்துக் கடற்கரையில், சீஹம் என்ற ஊரில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருந்த வில்லியம் ஃபிரெண்ட் வழிகாட்ட, கணிதமும் வானியலும் படித்தார். தாய்மாமன் வென்ட்வொர்த் பிரபுவுக்கு முறைப்படியான வாரிசு இல்லாததால் அந்தச் சொத்து ஒருநாள் இந்த வழிக்கு வரும் என்பது லண்டன் முழுக்கத் தெரியும்.

1812 அவருக்கு முதல் சீசன் (லண்டனில் விருந்தும் நடனமுமாக வரன் பார்க்கும் மாதங்கள்) அல்ல. அதற்குள் நல்ல வரன்கள் வந்து போயிருந்தன. ஜார்ஜ் ஈடன் பெண் கேட்டு மறுக்கப்பட்டார். பின்னாளில் ஆக்லாண்ட் பிரபுவாக 1836 முதல் 1842 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் இவரே. கொல்கத்தாவின் ஈடன் தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த குடும்பம். தூதரகப் பணியில் இருந்த அகஸ்டஸ் ஃபாஸ்டருக்காக அவருடைய தாயார் முயன்று பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. இந்த அறிமுகங்கள் எல்லாம் விதி நினைத்தபடியே நடந்தவை. குடும்பத்துக்குக் குடும்பம் தெரியும். ஆணின் நடத்தை பற்றி மறைக்க ஒன்றுமில்லை. பெண் யோசித்தார், வேண்டாம் என்றார், யாருக்கும் தலைகுனிவு இல்லாமல் முடிந்தது.

இனி அத்தை. எலிசபெத், மெல்போர்ன் சீமாட்டி, சர் ரால்ஃபின் உடன்பிறந்தவர். அறுபது வயது. லண்டனில் அவர் அளவுக்கு ஆட்களை அறிந்தவர்கள் குறைவு. மகள் எமிலி, கூப்பர் சீமாட்டி, ஆல்மாக்ஸின் சீட்டுக் கொடுக்கும் வட்டத்தில் இடம்பிடித்தவர். மகன் வில்லியம் லாம் பிற்காலத்தில் பிரதமரானார். வில்லியமின் மனைவிதான் கரோலின். டர்ஹமிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு லண்டனில் இதைவிடப் பெரிய துணை அமைய முடியாது. சர் ரால்ஃபும் ஜூடித்தும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். என்றாலும் நாத்தனார்கள் இருவருக்குள்ளும் ஒட்டுதல் அதிகம் இருந்ததில்லை.

முதல் தூது

ஏப்ரலில் அன்னபெல்லாவும் பைரனும் முறைப்படி பேசத் தொடங்கினார்கள். பைரனிடம் அன்னபெல்லா கண்டது துன்பப்படும் ஓர் ஆத்மா; திருத்திவிடலாம் என்ற எண்ணம் அப்போதே முளைத்தது. அன்னபெல்லாவின் கவிதைகளைக் கரோலின் பைரனிடம் காட்டினார். பைரன் பாராட்டினார். ஆனால் அந்தப் பெண்ணை இதற்கு மேல் அறிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை, வீழ்ந்த ஒருவன் அறியத்தக்கவர் அல்லர், அவ்வளவு நல்லவர் என்று பதில் எழுதினார்.

இதே மாதங்களில் பைரனுக்கும் கரோலினுக்கும் இருந்த உறவு ஊர் சிரிக்கும் அளவுக்குப் போனது. ஆகஸ்டில் கரோலின் வீட்டை விட்டு ஓடி, தேடிப்பிடித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. செப்டம்பரில் குடும்பத்தார் அவரை அயர்லாந்துக்கு அழைத்துப்போனார்கள்.

அந்தச் செப்டம்பரில்தான் பைரன் மெல்போர்ன் சீமாட்டிக்கு எழுதுகிறார்: நான் மணக்க விரும்பிய பெண் ஒருத்தி உண்டு, உங்கள் சகோதரர் மகள் மில்பேங்க். அவர் நேரே பெண்ணிடம் கேட்கவில்லை; பெற்றோரிடமும் எழுதவில்லை. பெண்ணின் அத்தையைத் தூது போகச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட மரியாதையான வழி இல்லை. மூத்தவர், இரு தரப்பையும் அறிந்தவர், பெண்ணின் இரத்த உறவு.

ஆனால் அவர் யாருக்காகப் பேசினார்? கரோலினிடமிருந்து பைரனைப் பிரிக்க வேண்டும் என்பது அவருடைய உடனடித் தேவை. மகனின் குடும்ப மானம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. பைரனுக்கு ஒரு மனைவி அமைந்தால் அந்தத் தலைவலி தீரும். இதற்கும் மேல், பைரன் அவருக்கு மிக அந்தரங்கமான நண்பர். அந்த மனிதர் செய்ததையும் செய்ய நினைத்ததையும் கடிதம் கடிதமாக அவரிடம் கொட்டிக்கொண்டிருந்தார். அறிமுகம் செய்பவர் எதை அறிந்திருக்க வேண்டும் என்று விதி எதிர்பார்த்ததோ, அதைவிடப் பல மடங்கு அவர் அறிந்திருந்தார். அந்த அறிவில் ஒரு துளிகூட அன்னபெல்லாவுக்குப் போய்ச் சேரவில்லை.

அன்னபெல்லா அக்டோபரில் மறுத்தார். அப்போது அத்தை கேட்டதற்கிணங்க, தனக்கு வரும் கணவர் எப்படியிருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். கடமை உணர்வு வேண்டும், நிதானமான குணம் வேண்டும், சந்தேகப் புத்தி கூடாது, பட்டம் முக்கியமில்லை என்ற வகையில் போகிறது அது. இருபது வயதுப் பெண் உட்கார்ந்து யோசித்து எழுதிய தெளிவான காகிதம். அத்தையின் பதில், நீ பொய்க்கால் கட்டிக்கொண்டு உயரத்தில் நிற்கிறாய், இறங்கி வா என்பது. அந்தக் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் பைரன் எப்படி எதிராக இருக்கிறார் என்பதை அந்த நேரத்தில் லண்டனில் முழுமையாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தாரென்றால் அது அவர்தான். பெண்ணின் எதிர்பார்ப்பைக் குறைக்கச் சொன்னாரே தவிர, ஆணைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடிதங்கள்

மறுப்போடு முடிந்திருக்க வேண்டியது. 1813 ஆகஸ்டில் அன்னபெல்லாவே பைரனுக்குக் கடிதம் எழுதி நட்பைத் தொடங்கினார். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அன்றைய வழக்கப்படி தவறு. தன் எழுத்து அந்நியர் கையில் இருப்பது பெண்ணின் பெயரையே கெடுக்கப் போதுமானது. அன்னபெல்லா அதைத் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. தாய் தகப்பனுக்குத் தெரிவித்தே எழுதினார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: இது மெல்போர்ன் சீமாட்டிக்குத் தெரியக் கூடாது. எதிலும் உள்நோக்கம் தேடிப் பழகியவர், என் நேர்மையைப் புரிந்துகொள்ள மாட்டார் என்று காரணமும் சொன்னார். அத்தையிடம் ஏதோ சரியில்லை என்று உள்ளூர உணர்ந்திருக்கிறார் என்றே இதைப் படிக்கிறேன்.

இந்த நிகழ்வின் மையம் என்று நான் கருதும் கடிதம் அடுத்த மாதமே வருகிறது. செப்டம்பர் இறுதியில் பைரன் மெல்போர்ன் சீமாட்டிக்கு எழுதுகிறார். உங்கள் கணிதப் பெண்ணின் கடிதங்கள் தொடர்கின்றன என்கிறார். அப்பா அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாதாம், உங்களுக்கு ஏன் தெரியக் கூடாது என்பதுதான் வேடிக்கை என்கிறார். பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதும் பழக்கம் உள்ளவர், இந்த முறை அதைப் போடவில்லை. அந்த எழுத்து இப்போது குழப்பம் தரும் என்று அடைப்புக்குறிக்குள் சொல்கிறார். ஏன் குழப்பம்? அதே எழுத்தில் தொடங்கும் இன்னொரு பெயர் அவர்களுடைய கடிதங்களுக்குள் வந்துவிட்டது: அகஸ்டா லீ, பைரனின் தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரி, மணமானவர். அந்த உறவு எல்லை மீறியது என்றே வாழ்க்கை வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். மெல்போர்ன் சீமாட்டி அதை அறிந்து பைரனைக் கண்டித்தும் இருக்கிறார்.

ஒரே வரியில் இரண்டு துரோகம். பெண் நம்பிச் சொன்ன இரகசியம் யாருக்கு வேண்டாம் என்றாரோ அவரிடமே போகிறது. பெண் அறிய வேண்டிய இரகசியம் அந்த இருவருக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

1814 செப்டம்பரில் பைரன் இரண்டாம் முறை கேட்டார். அன்னபெல்லா சம்மதித்தார். பதில் தவறிவிடக் கூடாது என்று பைரனின் இரண்டு முகவரிக்கும் கடிதம் அனுப்பினார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தது நவம்பர் தொடக்கத்தில்தான். நிச்சயம் முடிந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சர் ரால்ஃபும் ஜூடித்தும் பைரனோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பழகியது அதற்குப் பிறகுதான். வக்கீல்கள் சொத்து ஏற்பாடுகளை வரிக்கு வரி பார்த்தார்கள். மனிதரை அப்படிப் பார்க்க யாரும் இல்லை. ஜனவரி 2 அன்று, சிறப்பு அனுமதி பெற்று, சீஹம் மாளிகைக் கூடத்திலேயே திருமணம் நடந்தது.

எங்கே உடைந்தது

பைரனின் கொடுமைகளை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. கடன்காரர்கள், குடி, ஆத்திரம் என்று அந்த ஓராண்டு போனது. 1816 பிப்ரவரியில் அன்னபெல்லா நேரில் வந்து சொன்னதைக் கேட்ட பிறகு, அதுவரை சமாதானத்துக்கு வழி இருக்கிறது என்றிருந்த வக்கீல் ஸ்டீஃபன் லஷிங்டன், சேர்த்துவைக்கும் முயற்சியில் நான் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏப்ரல் 21 அன்று பைரன் பிரிவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 25ஆம் தேதி டோவரிலிருந்து கப்பலேறியவர் உயிரோடு திரும்பவில்லை.

அன்னபெல்லாவின் தற்பெருமைதான் காரணம், ஒருவரைத் திருத்த நினைத்தது அவருடைய குற்றம் என்று எழுதியவர்கள் உண்டு. அந்த எண்ணம் அவருக்கு இருந்தது உண்மை. ஆனால் திருத்த வேண்டியது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே. கவிதையில் வரும் இருண்ட மனமும், விருந்துக் கூடத்து வதந்தியும்தான் அவர் அறிந்தவை. அந்த அளவு குறையை அன்பால் மாற்றலாம் என்று நினைப்பது இருபது வயதில் பேதைமை ஆகாது.

பிழை அறிமுக முறைக்குள்ளேயே இருந்தது. ஓர் ஆணின் பட்டம், நிலம், வருமானம், குலம் பற்றிய செய்தி எல்லோர் முன்னிலையிலும் போய்வரலாம். அவருடைய நடத்தை பற்றிய செய்தி மணமான பெண்களுக்குள் மட்டும் போய்வர வேண்டும். மணமாகாத பெண்ணின் காதில் அது விழுவதே அவளுடைய கண்ணியத்துக்குக் குறை. ஆக, யாருடைய வாழ்க்கை பணயமோ அவள் ஒருத்திக்கு மட்டும் அது தெரியாது. இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் தாய், அத்தை, மூத்த உறவு. அவர்கள் பெண் பக்கம் நிற்பார்கள் என்று விதி வைத்துக்கொண்டது. அப்படி நிற்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விதியில் ஏற்பாடே இல்லை.

எச்சரித்தவர் ஒருவர் இருந்தார். 1812 மே மாதம் கரோலின் லாம் அன்னபெல்லாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். உன் கொள்கைக்கு ஒவ்வாத வாழ்க்கை வாழ்பவர்களின் நட்பைத் தவிர் என்ற அளவில் பொதுவாகத்தான் எழுத முடிந்தது. பைரனின் காதலி என்று ஊர் அறிந்த ஒருவர் எழுதினால் அது பொறாமையாகத்தானே படும்? உண்மையைச் சொல்லத் துணிந்தவருக்கு மதிப்பில்லை. மதிப்புள்ளவர் சொல்லவில்லை.

மெல்போர்ன் சீமாட்டி பக்கத்து நியாயத்தையும் நினைத்துப் பார்த்தேன். நண்பர் அந்தரங்கமாகச் சொன்னதை வெளியிடுவது அவருக்கு முடியாத காரியமாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் தூது போகாமல் இருந்திருக்கலாம். நான் இதில் இல்லை, நீங்கள் நேரே கேளுங்கள் என்று பைரனிடம் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரியே மில்பேங்க் வீட்டாருக்கு எச்சரிக்கையாக இருந்திருக்கும். அத்தையே விலகுகிறாள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது என்று யோசித்திருப்பார்கள். காரணம் சொல்லாமல் அறிமுகத்துக்கு மறுப்பதை அன்றைய நாகரிகம் முழுமையாக அனுமதித்தது. அந்த வழியை அவர் எடுக்கவில்லை.

அன்னபெல்லா மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகள் ஏடா 1833இல் அரசவையில் அறிமுகமானார். தாயின் தலைமுறைக்கு இருந்த அதே மண்டியிடல், அதே இறகுகள். ஆனால் ஏடாவின் கணவர் அங்கே கிடைத்தவர் அல்லர். கணித அறிஞர் மேரி சோமர்வில் வீட்டுக்கு ஏடா படிப்புக்காகப் போய்வருவார். சோமர்வில்லின் மகன் வோரன்சோவ் கிரேக்குக்கு கேம்பிரிட்ஜில் கூடப் படித்த நண்பர் வில்லியம் கிங். இரண்டு பேரையும் பல காலம் பக்கத்திலிருந்து பார்த்த கிரேக், அவர்களைச் சந்திக்க வைத்தார். இந்தச் சம்பந்தத்தால் தீர வேண்டிய குடும்பச் சிக்கல் எதுவும் அவருக்கு இல்லை. 1835 ஜூலை 8 அன்று அந்தத் திருமணம் நடந்தது.